கருங்கோழியும் அதன் மூன்று நிறங்களும்

பெங்களூரின் கிழக்கே, கிருஷ்ணராஜபுரத்தை அடுத்த பகுதியில், அண்டை அயலாராய் வாழும் தமிழ்க் குடும்பத்தார் மூவர் நாங்கள். 2018-ஆம் ஆண்டுத் தை மாதத்தில் ஒரு வாரச் சந்தையில் இருபத்து நான்கு கருங்கோழிக் குஞ்சுகளை வாங்கி வந்தோம். ஊரில் இருந்த காலத்தில் பஞ்சாரத்துக் கோழிகளோடு பழகியவர்களே நாங்கள் மூவரும். பிழைப்பைத் தேடி இங்கு வந்தபின் அப்பழக்கம் விட்டுப்போயிற்று. வீட்டின் பின்புறத்தில் சிறிது மண் கிடைத்ததும் பழைய ஆசை திரும்பியது. அப்படியாயின் சாதாரணக் கோழி எதற்கு, எல்லாரும் வியந்து பேசும் கருங்கோழியே ஆகட்டுமே என்று எண்ணினோம். குஞ்சுகள் அனைத்தும் கரிக்கட்டைபோல் இருந்தன. விற்றவர் அவை கலப்பில்லாதவை என்று ஆணையிட்டுச் சொன்னார்.

மூன்றைக் காக்கையும் கீரியும் கொண்டுபோயின. எஞ்சிய இருபத்தொன்றும் வளர்ந்து நான்கு மாதம் ஆனபோது ஒரு புதுமையைக் கண்டோம். பெட்டைகள் பதினொன்றும் கொண்டை, நாக்கு, தோல், கால் ஆகிய யாவும் கறுத்து, சொன்ன சொல்லுக்குப் பழுதின்றி நின்றன. சேவல்கள் பத்தின் நிலையோ வேறு. இறகு கறுப்பு, கொண்டை சிவப்பு, கால்கள் சாம்பல் பூத்த வெண்மை, வாயைத் திறந்து பார்த்தால் நாக்கும் வெளுப்பு. ஒரே நாளில், ஒரே கூடையிலிருந்து வாங்கிய குஞ்சுகளில் ஆண் மட்டும் வெளுப்பானேன்? தீனியில் குறையோ, குளிரோ என்று பலவாறு ஐயுற்றோம். தீனியும் அன்று, குளிரும் அன்று என்பதைப் பின்னரே அறிந்தோம். நாங்கள் பணம் கொடுத்துக் கற்ற அந்தப் பாடத்தை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

கருங்கோழி என்று நாம் இன்று வழங்குவது கடக்நாத் என்னும் இனம். மத்தியப் பிரதேசத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களும், அவற்றை ஒட்டிய குஜராத், இராஜஸ்தான் பகுதிகளுமே இதன் தாயகம். அங்குப் பீல், பிலாலா என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இதனை வளர்த்து வருகின்றனர். தெய்வத்துக்குப் படைப்பதற்கும் விருந்துக்கும் இதுவே அவர்களுக்கு உரியது. அவர்கள் இட்ட பெயர் காலி மாசி. கரிய இறைச்சி என்பது பொருள். 2018-ஆம் ஆண்டில் ஜாபுவாவின் கடக்நாத் இறைச்சிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதன்பின் இதன் புகழ் நாடெங்கும் பரவிற்று. கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனி இராஞ்சியில் உள்ள தம் பண்ணைக்கு இரண்டாயிரம் குஞ்சுகள் கேட்டார் என்னும் செய்தி 2020-ஆம் ஆண்டில் வந்தபோது, எங்கள் தெருவில் கோழியைத் திரும்பிப் பாராதவர்கூட வேலியோரம் வந்து நின்று பார்த்தனர்.

இவ்வினத்தைப் பற்றி உலவும் கட்டுக்கதைகள் பல. இதன் இரத்தமும் கறுப்பு என்பர். அஃது உண்மையன்று, இரத்தம் செந்நிறமே. முட்டையும் கறுப்பு என்பர். முட்டை வெளிர் பழுப்பு நிறத்தது. கறுத்திருப்பவை தோலும், தசையைச் சூழ்ந்த சவ்வும், எலும்பின் மேலுறையும், உள்ளுறுப்புகள் பலவுமே. இந்த இறைச்சி தீராத நோயையெல்லாம் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வோரும் உளர். இறைச்சி சுவையானது, கொழுப்புக் குறைந்தது என்பதற்கு மேல் நாங்கள் ஒன்றும் சொல்லத் துணியோம். மருந்து வேண்டுவோர் மருத்துவரிடம் செல்லட்டும்.

கறுப்பு எவ்வாறு வந்தது? முட்டை அடையில் வைத்த முதல் வாரத்துக்குள்ளாகவே, கருவின் முதுகுப்பக்கத்திலிருந்து நிறம் தரும் நுண்ணணுக்கள் புறப்பட்டுத் தோலை நோக்கிச் செல்கின்றன. மற்றக் கோழிகளில் அவை ஒரு வழியிலேயே சென்று, இறகுக்கு நிறம் கொடுப்பதோடு நின்றுவிடும். கருங்கோழியிலோ அவை அளவுக்கு மிஞ்சிப் பெருகி, செல்லக்கூடாத வழியிலும் சென்று, உடலின் உள்ளிடமெல்லாம் குடியேறிவிடுகின்றன. கோழியின் 20-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இரட்டித்துப்போனதே இதற்குக் காரணம் என்று 2011-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். சீனத்தின் பட்டிறகுக் கோழி, சாவகத்தின் அயம் செமானி, வியத்நாமின் மோங் கோழி, சுவீடனின் கருங்கோழி ஆகிய எல்லாவற்றிலும் அதே மாற்றமே காணப்பட்டது. நம் நாட்டுக் கடக்நாத்திலும் அதுவே உள்ளதெனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. கடல் கடந்தும் மலை கடந்தும் கிடக்கும் இக்கோழிகள் யாவும் ஒருவகையில் உறவினரே.

இனி எங்கள் வெளுத்த சேவல்களுக்கு வருவோம். கறுப்பைத் தரும் மரபணு மேலோங்கும் தன்மையது. தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஆனால் அதனை அடக்கும் மரபணு ஒன்றும் உண்டு. வெள்ளைக் கால், மஞ்சட் கால் உடைய கோழிகளிடம் அது இருக்கும். அந்த அடக்கும் மரபணு பாலைக் குறிக்கும் குரோமோசோமில் அமைந்துள்ளது. மனிதரில் ஆணிடம் இரு வேறு பால் குரோமோசோம்கள் உள்ளன; கோழியில் இது தலைகீழ். சேவலுக்கு இரண்டும் ஒன்றே. பெட்டைக்கே இரண்டும் வேறு. ஆகவே பெட்டைக் கோழி தன் அடக்கும் மரபணுவைத் தன் ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே கொடுக்க இயலும். பெண் குஞ்சுகளுக்குக் கொடுக்க இயலாது.

இப்போது கணக்கு விளங்கும். கலப்பில்லாத ஒரு கருஞ்சேவலை வெள்ளைக் கால் நாட்டுப் பெட்டைகளோடு விட்டால், பிறக்கும் பெட்டைகள் தந்தையைப்போல் முழுக் கறுப்பாகும். சேவல்கள் தாயிடமிருந்து அடக்கும் மரபணுவைப் பெற்று வெளுக்கும். எங்கள் கூண்டில் நிகழ்ந்தது இதுவே. விற்றவர் ஒரே ஒரு நல்ல சேவலை வைத்துக்கொண்டு, விலை மலிந்த பெட்டைகள் இட்ட முட்டையைப் பொரித்து விற்றிருக்கிறார். இதில் எங்களை வியப்பில் ஆழ்த்திய செய்தி வேறொன்று. இங்கிலாந்தில் பேட்சன், பன்னெட் என்னும் இரு அறிஞர்கள் சீனப் பட்டிறகுக் கோழியையும் பழுப்பு லெகார்னையும் கலந்து, இதே விளைவைக் கண்டு, 1911-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துள்ளனர். நூறாண்டுக்கு முன் அச்சேறிய உண்மையை நாங்கள் சந்தையில் பணம் கொடுத்துக் கற்றோம்.

ஆதலால் கருங்கோழி வாங்க விரும்புவோர் பெட்டைகளைக் கண்டு மயங்கலாகாது. பெட்டையின் கறுப்பு கலப்பின்மைக்குச் சான்று ஆகாது. உடன் பிறந்த சேவல்களைக் காட்டுமாறு கேளுங்கள். சேவலின் கொண்டையும் தாடியும் கருநீலம் அல்லது கருஞ்சிவப்புக் கலந்த ஊதாவாய் இருக்கலாம். வெயிலிலும் சண்டையிலும் சிறிது சிவப்பு ஏறுவதும் உண்டு. அதனைக் குறையெனத் தள்ள வேண்டா. ஆனால் காலும் நாக்கும் வெளுத்திருத்தல் ஆகாது.

ஐயத்துக்குரிய சேவல் ஒன்று கையில் இருந்தால் அதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. வெள்ளைக் கால் நாட்டுப் பெட்டைகள் இரண்டொன்றை அதனோடு தனியே விட்டு, முட்டைகளைப் பொரித்து, பெண் குஞ்சுகளை மட்டும் எண்ணுங்கள். சேவல் இரு பங்கும் கறுப்புடையதாயின் பெண் குஞ்சுகள் அனைத்தும் கறுக்கும். ஒரு பங்கே உடையதாயின் ஏறக்குறையப் பாதிதான் கறுக்கும். பத்துப் பெண் குஞ்சுகளும் கறுத்தால், அது தற்செயலாய் நேர்ந்திருக்க 1,024-இல் ஒரு வாய்ப்பே உண்டு. அச்சேவலை நம்பலாம். எனினும் இச்சோதனை கறுப்பைப் பற்றியதே ஒழிய இனத்தைப் பற்றியதன்று. பல தலைமுறை கலந்து, மீண்டும் மீண்டும் கருஞ்சேவலோடு சேர்த்து வந்த கோழி இச்சோதனையில் தேறிவிடும். அதன் உடலில் வேற்றினத்தின் பங்கு இருந்துகொண்டே இருக்கும். நம்பத்தக்க இடத்திலிருந்து, வழிவழிக் குறிப்போடு வாங்குவதற்கு ஈடு வேறொன்றும் இல்லை.

வாங்கும் இடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குஞ்சை எங்களிடம் வாங்குங்கள், வளர்ந்த கோழியையும் முட்டையையும் நாங்களே உயர்ந்த விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்வோரை நம்ப வேண்டா. 2019-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் இவ்வாறு கடக்நாத்தின் பெயரால் பணம் கட்டி ஏமாந்த உழவர் பலர். நம் கொங்கு நாட்டில் 2012-ஆம் ஆண்டில் ஈமு வளர்ப்பில் நடந்ததை மறந்தவர் இருக்க மாட்டார்கள். பறவை மாறியது, சொன்ன பேச்சு மாறவில்லை.

கடக்நாத்தில் நிறம் மூன்று. முழுக் கறுப்பு ஒன்று. கறுப்பு உடலில் வெள்ளிக் கோடுகள் ஓடுவது ஒன்று. கழுத்திலும் முதுகிலும் பொன்னிறம் படர்ந்தது ஒன்று. மூன்றிலும் தோலும் இறைச்சியும் கறுப்பே. நகரங்களில் வாங்குவோரோ முழுக் கறுப்பையே கேட்கின்றனர். பொன்னிறத்தைக் காட்டினால், இது கலப்பு என்று நம்மையே ஐயுறுகின்றனர்! இதனால் விற்பனைக்காக வளர்ப்போர் வெள்ளிக்கோட்டையும் பொன்னிறத்தையும் இளமையிலேயே கழித்துவிடுகின்றனர். ஆண்டாண்டாய் இப்படிக் கழித்தால் அந்நிறங்கள் கூண்டைவிட்டே போய்விடும். கலப்புக் கோழி கறுப்பு இறகோடு தூயதென விலைபோக, தூய கோழி பொன்னிறத்தால் கறிக்கடைக்குப் போகிறது. எங்களுக்கு இது பொறுக்கவில்லை. 2019-ஆம் ஆண்டில் ஓர் அரசுப் பண்ணையிலிருந்து மறுமுறை முப்பது குஞ்சுகள் வாங்கினோம். அவற்றில் பொன்னிறப் பெட்டை இரண்டும், வெள்ளிக்கோட்டுச் சேவல் ஒன்றும் தேறின. அவற்றைப் பெருக்குவது என்று முடிவு செய்தோம்.

நிறத்தைப் பெருக்குதல் எண்ணியதுபோல் எளிதன்று. முழுக் கறுப்போடு பொன்னிறத்தைச் சேர்த்தால் முதல் தலைமுறை பெரும்பாலும் கறுப்பாகவே வரும். கழுத்தில் மட்டும் பொன் சிறிது எட்டிப் பார்க்கும். அக்குஞ்சுகளை வீண் என்று தள்ளிவிடுவோர் பலர். தள்ளலாகாது, பொன் உள்ளே ஒளிந்திருக்கிறது. அவற்றைத் தம்முள் இணைத்தால் ஏறக்குறைய நான்கில் ஒன்று கறுப்பைக் களைந்து வெளிவரும். பொன்னிறப் பெட்டையோடு மீண்டும் இணைத்தால் இன்னும் மிகுதியாக வரும்.

பொன்னும் வெள்ளியும் சேரும்போது வேறொரு விதி. கோழிகளில் இவ்விரு நிறங்களும் பால் குரோமோசோமில் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்பவை. வெள்ளி மேலோங்கும், பொன் அடங்கும். வெள்ளிச் சேவலைப் பொன்னிறப் பெட்டையோடு விட்டால் குஞ்சுகள் அனைத்தும் வெள்ளியே. எங்கள் முதல் ஈட்டில் பொன்னிறம் ஒன்றுகூட இல்லாதது கண்டு அண்டை வீட்டு அம்மையார் மிகவும் மனம் வருந்தினார். ஆயினும் அந்த ஆண் குஞ்சுகள் ஒவ்வொன்றினுள்ளும் பொன் மறைந்திருந்தது. அவற்றை மீண்டும் பொன்னிறப் பெட்டைகளோடு சேர்த்தபோது, அடுத்த ஈட்டில் ஆணிலும் பெண்ணிலும் பாதிக்குப் பாதி பொன் வந்தது. மாறாகப் பொன்னிறச் சேவலை வெள்ளிப் பெட்டையோடு சேர்த்தால், பிறக்கும் பெட்டை எல்லாம் பொன், சேவல் எல்லாம் வெள்ளி. நிறத்தை ஒளித்து வைப்பது சேவலின் இயல்பு. பெட்டையிடம் இதில் ஒளிவுமறைவு இல்லை, கண்ணிற் காண்பதே உள்ளிருப்பதும். ஆகையால் அருகிய நிறத்தைக் காக்க விரும்புவோர் பெட்டைகளை முதலில் காக்க வேண்டும்.

மூன்று நான்கு கோழிகளிலிருந்து ஒரு நிறத்தைப் பெருக்கும்போது வேறோர் இடர் வந்து சேர்கிறது. உடன் பிறந்தவற்றையே இணைத்துக்கொண்டு போனால் முட்டை கூமுட்டையாதலும், குஞ்சு நலிதலும் பெருகும். ஒரு சேவலும் பத்துப் பெட்டையும் உள்ள கூண்டு, பார்வைக்குப் பதினோரு கோழி. இரத்தக் கணக்கில் நான்கு கோழிக்குக்கூட ஈடன்று. தலைமுறைக்கு 13 அல்லது 14 விழுக்காடு உறவுக்கலப்பு ஏறும். நான்கு சேவலும் பதினாறு பெட்டையும் வைத்தால் அது 4 விழுக்காட்டுக்குள் அடங்கும். நகரத்தில் ஒரு வீட்டில் நான்கு சேவல் கூவினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மூன்று வீட்டிலும் மூன்று கூண்டு வைத்தோம். பெட்டைகள் பிறந்த வீட்டிலேயே இருக்கும். இளஞ்சேவல்கள் ஆண்டுக்கு ஒருமுறை முதல் வீட்டிலிருந்து இரண்டாம் வீட்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து முதலுக்கும் செல்லும். நம் வழக்கத்தில் பெண்ணை அனுப்புவோம். இங்கு மாப்பிள்ளைகள் புறப்படுகின்றனர். வீட்டுக்கு ஒரு நிறமாய்க் காலில் சிறு வளையம் இடுவதும், நோட்டில் எழுதி வைப்பதும் மட்டுமே இதற்கு வேண்டிய செலவு.

கடக்நாத் பெட்டை ஆறு மாத அளவில் முட்டையிடத் தொடங்கி, ஆண்டுக்கு எண்பது முதல் நூறு முட்டை வரை இடும். அடை கிடப்பதில் அதற்கு நாட்டம் குறைவு. பீல் மக்களும் நாட்டுக் கோழியின் கீழ் வைத்தே பொரிப்பது வழக்கம். நாங்களும் சிறுவிடைப் பெட்டை இரண்டை இதற்கென்றே வைத்துள்ளோம். முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. பொரிப்பான் வைத்திருப்போர் வெப்பத்தை 37.5 டிகிரி செல்சியசில் நிறுத்தி, ஏழாம் நாள் விளக்கொளியில் பார்த்துக் கருவற்றதை எடுத்துவிடலாம். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு வரும்.

பெங்களூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பது. நமக்கு இதமான காற்று குஞ்சுக்குக் குளிர். மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 15 டிகிரிக்கு இறங்கும். குஞ்சுக்கோ முதல் வாரத்தில் 35 டிகிரி வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரியாகக் குறைத்து வரலாம். வெப்பமானியைவிடக் குஞ்சே நல்ல சாட்சி: விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கினால் குளிர்; விலகி வாய் திறந்தால் சூடு; பரவி மேய்ந்தால் சரி. உமியை இரண்டு அங்குலம் பரப்பி, முதல் சில நாள் அதன்மேல் காகிதம் விரிக்க வேண்டும். இல்லையெனில் உமியையே தின்னும்.

தீனிக்கு இந்நாட்டுக் கேழ்வரகு பெருந்துணை. முதல் எட்டு வாரம் புரதம் 20 விழுக்காடு உள்ள குஞ்சுத்தீனி கட்டாயம். அதன்பின் கேழ்வரகு, குருணை, தவிடு, சிறிது கடலைப் புண்ணாக்கு, கீரை ஆகியவற்றோடு மேய்ச்சலும் போதும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் கண்டிப்பாய்த் தவிர்க்க வேண்டும். அந்நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கறுப்புத் தீனி கொடுத்தால் இறைச்சி மேலும் கறுக்கும் என்று எள் வாங்கிப் போட்டவர் ஒருவரை அறிவோம். கோழிக்கு அது நல்ல விருந்தாயிற்று, அவ்வளவே.

கருங்கோழிக்கு நோய் வாராது என்பது மற்றொரு கதை. வெள்ளைக்கழிச்சல் இதற்கும் வரும். வந்தால் கூண்டு காலி. குமாவுன் மலையில் உள்ள இராணிக்கேத் ஊரின் பெயரால் ஆங்கிலத்தில் வழங்கும் நோய் இதுவே. ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, இரண்டாம் வாரத்தில் கம்போரோவுக்குச் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி, அம்மைக்குத் தனி ஊசி என்னும் முறையைக் கைவிடலாகாது. ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், தடுப்பு மருந்து செய்யும் அரசு நிலையமும் உள்ளன. கிரிராஜா, சுவர்ணதாரா என்னும் புழக்கடைக் கோழிகளை உருவாக்கிய இடமும் ஹெப்பாளே. ஹெசரகட்டாவில் உள்ள மத்திய அரசின் கோழி வளர்ப்பு நிலையத்தில் பயிற்சியும் தருகின்றனர். கன்னடம் அறியாதோர் தயங்க வேண்டா. கோழியைக் கையிற் பிடித்துக் காட்டினால் மொழி தானே வந்துவிடும்.

எல்லாக் கோழியையும் ஓரிடத்தில் வைத்திருத்தலின் அபாயத்துக்கு ஒரு சான்று. 2021-ஆம் ஆண்டு சனவரியில் ஜாபுவா மாவட்டத்திலேயே ஒரு கடக்நாத் பண்ணையில் பறவைக் காய்ச்சல் கண்டது. தோனியின் பண்ணைக்குக் குஞ்சு அனுப்பவிருந்த பண்ணை அது. கோழிகள் அழிக்கப்பட்டன, இராஞ்சிக்குக் குஞ்சுகள் சென்றது அடுத்த ஆண்டில்தான். அச்செய்தியைக் கேட்ட அன்றே நாங்கள் ஒருவர் கூண்டுக்குள் மற்றவர் செருப்போடு நுழைவதில்லை என்று விதி செய்துகொண்டோம். இடம் மாறும் சேவலைப் புதுக் கூண்டில் விடுமுன் மூன்று வாரம் தனியே வைக்கிறோம். நோய்க்காலத்தில் அந்த ஆண்டுப் பரிமாற்றத்தையே நிறுத்திவிடுகிறோம்.

சந்தையில் வாங்கிய பதினோரு பெட்டைகளை என்ன செய்தோம் என்று நேயர்கள் கேட்கலாம். அவற்றை முட்டைக்கென வைத்துக்கொண்டோம், அடை வைக்கவில்லை. விலைக்குக் கேட்டு வந்தவர் பலர். கலப்பு என்று சொன்னதும் பாதிப் பேர் திரும்பிச் சென்றனர். மறுபாதியினர், யாருக்குத் தெரியப் போகிறது என்றனர். அவர்களுக்கு விற்கவில்லை. பொன்னிறக் கோழிகள் இப்போது மூன்று வீட்டிலுமாகச் சேர்ந்து பதினேழு உள்ளன. அவற்றுள் சேவல் ஐந்து; பெட்டை பன்னிரண்டு.